அளந்து போடுவோம்



சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் துணைவியாரோடு நம்மைக் காண வந்திருந்தார். 34 ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதி வீட்டுக் கடனை அடைத்தது. ஒரு பகுதி அஞ்சலகத்தில் இருக்கிறது. எஞ்சிய 6 இலட்சம் ரூபாய் வங்கிச் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கிறது. இளைய மகள் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். இன்னும் இரண்டாண்டுக் கட்டணம் பாக்கி. அதன்பின் அவள் திருமணம்.

பெங்களூரில் பணிபுரியும் மூத்த மகன், "அப்பா, பணத்தைத் தூங்கவிடாதீர்கள். விமானக் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சிறிய கம்பெனி ஒன்று இருக்கிறது. வருகிற இலாபத்தில் பெரும்பகுதியை ஈவுத்தொகையாகவே கொடுத்துவிடுகிறார்கள். 6 இலட்சத்தையும் அதிலே போடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். ஆசிரியருக்கு ஆசையும் அச்சமும் சமமாக இருந்தன. "அக்செல்யா என்ற கம்பெனி ஐயா. நல்லதா, கெட்டதா, ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

இன்ன பங்கை வாங்குங்கள், இன்னதை விற்றுவிடுங்கள் என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை. அது இந்தப் பகுதியின் வேலையும் அன்று. ஆனால் அதுவரை வாய் திறவாதிருந்த அம்மையார் அப்பொழுது ஒரு கேள்வி கேட்டார்: "விமானம் பறக்காவிட்டால் இவர்களுக்குக் கூலி உண்டா ஐயா?"

ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாத அந்தத் தாயின் கேள்வியே, பங்கு வாங்க எண்ணும் ஒவ்வொரு குடும்பமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று நமக்குத் தோன்றியது. அதற்கு விடை தேடிச் சென்றால் மற்றவை தாமே விளங்கும். ஆகவே அவர்களிடம் சொன்னதையே வாசகர்களுக்கும் சற்று விரிவாகச் சொல்ல விழைகின்றோம்.

பயணச்சீட்டுக்குப் பின்னே

மதுரையிலிருந்து டொராண்டோ செல்லும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மும்பை வரை ஒரு நிறுவனத்தின் விமானம். அங்கிருந்து இலண்டன் வரை வேறொன்று. இலண்டனிலிருந்து டொராண்டோ வரை மூன்றாவது ஒன்று. பயணச்சீட்டு ஒன்றுதான், பணம் வாங்கியவரும் ஒருவர்தான். ஆனால் சுமந்து சென்றவர்கள் மூவர். வாங்கிய கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு? விமான நிலையக் கட்டணம் எவ்வளவு, அரசு வரி எவ்வளவு, முகவரின் தரகு எவ்வளவு? பயணி பாதி வழியில் திட்டத்தை மாற்றிக்கொண்டால் திருப்பித் தர வேண்டியது எவ்வளவு? மேலும், சீட்டு விற்ற அன்றே அந்தப் பணம் விமான நிறுவனத்தின் வருமானமாகிவிடாது. பயணி பறந்த பிறகே அது வருமானம். அதுவரை கடன் போன்றதே.

இந்தக் கணக்கு விமானப் போக்குவரத்தோடு கூடப் பிறந்தது. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் 1945ஆம் ஆண்டு கியூபாவின் ஹவானா நகரில் தோன்றியது. நிறுவனங்கள் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலைத் தீர்த்துக்கொள்ள ஒரு தீர்வகத்தை அது 1947இல் ஏற்படுத்தியது. முகவர்கள் விற்ற சீட்டுகளுக்கு ஒரே இடத்தில் பணம் செலுத்தும் ஏற்பாடு 1971இல் ஜப்பானில் தொடங்கியது. 2008 ஜூன் முதல் தேதியோடு அச்சங்கத்தின் காகிதச் சீட்டுகள் மறைந்து, எல்லாம் மின்னணுச் சீட்டுகளாயின. அதற்கு முன் விமான நிறுவனங்களின் கணக்கு அறைகளில் எழுத்தர்கள் வரிசையாக அமர்ந்து, பயணிகளிடமிருந்து கிழித்தெடுத்த சீட்டுத் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இடப்பதிவுக்குக் கணிப்பொறி வந்த கதையும் சுவையானது. 1953இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் சி. ஆர். ஸ்மித்தும், ஐ.பி.எம். நிறுவனத்தின் விற்பனையாளரான பிளேர் ஸ்மித்தும் ஒரே விமானத்தில் பயணம் செய்தார்கள். பெயர் ஒற்றுமை பேச்சுக்கு வழி செய்தது. அந்தப் பேச்சின் பயனாக எழுந்த 'சேபர்' என்ற இடப்பதிவு அமைப்பு 1964இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அன்று தொட்டு, விமானம் பறக்க எரிபொருள் எத்துணை தேவையோ அத்துணை தேவையாகிவிட்டது கணிப்பொறி நிரல். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்தில், பனிப்புயலால் கலைந்த விமானப் பணியாளர் அட்டவணையை அவர்களுடைய பழைய மென்பொருளால் சீர்செய்ய இயலாமற்போனது. ரத்தான விமானங்கள் 16,000க்கும் மேல்.

அக்செல்யாவின் தொழிலில் முதன்மையானது, நாம் மேலே சொன்ன சீட்டு வருமானக் கணக்கு. அதன் பழைய பெயர் காலே கன்சல்டன்ட்ஸ். 1980களில் மகாராஷ்டிரத்தில் தோன்றி, வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கூட மென்பொருள் செய்து, 1999இல் பங்குச் சந்தைக்கு வந்தது. பின்னர் மற்றவற்றைக் கைவிட்டு விமானத் துறையிலேயே ஊன்றி நின்றது. 2010-11இல் ஐரோப்பாவின் அக்செல்யா குழுமம் அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. அந்தக் குழுமமே 2017இல் வார்பர்க் பின்கஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடமும், 2019இல் விஸ்டா என்ற மற்றொரு முதலீட்டு நிறுவனத்திடமும் கைமாறியது.

நற்பேறும் அதன் எல்லையும்

இத்தகைய தொழிலில் மெய்யான நன்மைகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது.

முதலாவது, வாடிக்கையாளர் எளிதில் விலகார். பத்தாண்டுகளாக ஒரு மென்பொருளில் கணக்கு எழுதிப் பழகிய விமான நிறுவனம், வேறொன்றுக்கு மாற வேண்டுமானால் ஓராண்டுக்கு மேல் உழைக்க வேண்டியிருக்கும். இடையில் கணக்கு தவறும் அபாயமும் உண்டு. ஆகவே சிறு குறைகளைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே தங்கும். இரண்டாவது, விமானம் வாங்கவோ எரிபொருள் வாங்கவோ இவர்களுக்குப் பெருமுதல் தேவையில்லை. வேலை செய்வது மனித மூளை. செலவு போக மிஞ்சுவதை ஈவுத்தொகையாகக் கொடுக்க முடிவதும் இதனால்தான். மூன்றாவது, இத்துறையின் பல ஒப்பந்தங்களில் கூலி சீட்டின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சீட்டின் விலையைப் பொறுத்ததன்று. விமான நிறுவனங்கள் போட்டியிட்டுக் கட்டணத்தைக் குறைத்துத் தாங்கள் நட்டப்பட்டாலும், பயணிகள் பெருகினால் கணக்கு எழுதுபவனுக்கு வேலையும் பெருகும்.

ஆனால் ஒவ்வொரு நன்மைக்கும் ஓர் எல்லை உண்டு. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குத் தனியே பறந்து, பிறரோடு கூட்டுச் சேராத மலிவுக் கட்டண விமானங்களுக்கு இந்தப் பங்கீட்டுக் கணக்கு மிக எளிது. ஆகவே அவற்றில் ஏறும் கூட்டம் அனைத்தும் இவர்களுக்கு வேலையாகிவிடாது. அன்றியும், பயணச்சீட்டு என்ற ஒன்றையே விலக்கிவிட்டு, கடைகளில் உள்ளதுபோல ஒரே ஆணையில் எல்லாக் கணக்கையும் முடிக்கும் 'ஒன் ஆர்டர்' என்ற முறையை அந்தப் பன்னாட்டுச் சங்கமே வகுத்து வருகிறது. அம்முறை பரவப் பரவ, பழைய கணக்கில் வல்லவர்கள் புதியதைக் கற்றே தீர வேண்டும். வாடிக்கையாளரே வீழ்ந்துபோவதும் உண்டு. நம் நாட்டில் கிங்ஃபிஷர் 2012 அக்டோபரிலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. ஒரு விமான நிறுவனம் விழும்போது, அதற்கு வேலை செய்து கொடுத்துவிட்டுப் பாக்கிக்குக் காத்திருப்பவர்கள் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

விமானம் நின்ற நாட்கள்

இப்பொழுது அம்மையாரின் கேள்விக்கு வருவோம். விமானம் பறக்காவிட்டால் கூலி உண்டா? இதற்கு விடை கற்பனையில் தேட வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டே விடை.

கொள்ளைநோயின் காரணமாக 2020 மார்ச் 23 முதல் நம் நாட்டில் வெளிநாட்டு விமானங்களும், 25 முதல் உள்நாட்டு விமானங்களும் நின்றன. உள்நாட்டு விமானங்கள் இரண்டு மாதம் கழித்து மே 25இல் மீண்டும் பறந்தன. வெளிநாட்டு வழக்கமான விமானங்களோ 2022 மார்ச் 27 அன்றுதான் முழுமையாகத் தொடங்கின, ஏறத்தாழ இரண்டாண்டுகள்! உலகம் முழுவதும் 2019இல் ஏறத்தாழ 450 கோடிப் பேர் விமானம் ஏறினார்கள். 2020இல் அத்தொகை 180 கோடியாகச் சுருங்கியது. சீட்டு எண்ணிக் கூலி வாங்கும் எவர்க்கும் இதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஐந்து சீட்டு இருந்த இடத்தில் இரண்டு சீட்டு.

பங்குச் சந்தையின் போக்கையும் காண்போம். 2020 ஜனவரியில் 42,000ஐத் தொட்ட மும்பைச் சந்தைக் குறியீடு, மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் இழந்து 26,000க்குக் கீழே முடிந்தது. அது ஒரே நாளில் 13 விழுக்காடு வீழ்ச்சி. ஆனால் அதே குறியீடு நவம்பரில் மீண்டும் 42,000ஐத் தாண்டியது. இங்கேதான் குடும்பங்கள் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. எட்டு மாதம் காத்திருக்க முடிந்தவன், சந்தை முழுவதற்கும் பரவலாகப் பணம் போட்டிருந்தால், முதலுக்குச் சேதமின்றி மீண்டான். ஜூன் மாதத்தில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்க நேர்ந்தவன் நட்டத்தை நிலையாக்கிக்கொண்டான். இருவரும் வாங்கியது ஒரே பொருளைத்தான். ஒருவனுக்குக் காலம் இருந்தது, மற்றவனுக்கு இல்லை. விமானத் துறையைச் சார்ந்தவர்கள் எழுந்து நிற்கவோ எட்டு மாதம் போதவில்லை.

நம் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். அவர் மகளின் கட்டணம் ஒவ்வோர் ஆண்டும் குறித்த நாளில் வந்து நிற்கும். விமானம் பறக்கிறதா என்று கல்லூரி அலுவலகம் கேட்காது.

ஈவுத்தொகை வட்டி அன்று

ஆசிரியரின் மகன் பெரிதாகச் சொன்னது ஈவுத்தொகையை. இதில் நம் குடும்பங்களில் ஒரு மயக்கம் நிலவுகிறது. வங்கி தரும் வட்டி ஓர் ஒப்பந்தம். கொடுத்தே ஆக வேண்டும். ஈவுத்தொகையோ இலாபம் வந்தால், அதையும் கொடுக்கலாம் என்று இயக்குநர்கள் முடிவு செய்தால், கிடைப்பது. இந்த ஆண்டு கொடுத்தார்கள் என்பதால் அடுத்த ஆண்டு கேட்கும் உரிமை நமக்கு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. பங்கு ஒன்று 1,000 ரூபாய். ஆண்டு ஈவுத்தொகை 60 ரூபாய். 6 இலட்சத்துக்கு 600 பங்குகள். ஆண்டுக்கு 36,000 ரூபாய் வரும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 60 வயது கடந்தோர்க்கான அஞ்சலகச் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 விழுக்காடாக உயர்ந்தது. அந்த விகிதத்தில் அதே 6 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 49,200 ரூபாய். முதலுக்கும் அரசின் பொறுப்பு. பங்கு வாங்குபவர் இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறார்? தொழில் வளர்ந்து பங்கின் விலையும் ஈவும் உயரும் என்னும் நம்பிக்கையை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்பதே ஆராய வேண்டியது. ஒரு மோசமான ஆண்டில் ஈவு 60இலிருந்து 20 ஆகக் குறைந்தால், அந்த ஈவுக்காகவே வாங்கியவர்கள் விற்க முந்துவார்கள். விலையும் கூடவே இறங்கும். இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழும்.

இன்னும் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். ஈவுத்தொகைக்கு உரியவர் யார் என்று குறிக்கும் நாளில், பங்கின் விலை ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்குவதே இயல்பு. 40 ரூபாய் ஈவு வாங்குவதற்காக முதல் நாள் ஓடிப்போய் வாங்குவதில் ஆதாயம் ஏதும் இல்லை. மேலும், 2020 மார்ச் வரை ஈவுத்தொகைக்கான வரியைக் கம்பெனியே கட்டிவந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் அது வாங்குபவரின் வருமானத்தோடு சேர்க்கப்பட்டு வரிக்கு உட்படுகிறது.

வண்டியை ஓட்டுபவர் யார்?

பங்கு வாங்கினால் நாமும் முதலாளி என்பார்கள். உண்மைதான், ஆனால் எத்தனையாவது முதலாளி?

அக்செல்யா சொல்யூஷன்ஸ் இந்தியாவின் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சம். அவற்றில் 74.66 விழுக்காட்டைத் தாய் நிறுவனம் பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கிறது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியில் பொதுமக்கள் கையில் 25 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இங்கே ஏறக்குறைய அந்த எல்லையிலேயே நிற்கிறது. கம்பெனிச் சட்டப்படி சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்கும், சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கும் வேண்டும். ஆகவே தாய் நிறுவனம் எண்ணியது பெரும்பாலும் நிறைவேறும். இலாபத்தை ஈவாகக் கொடுப்பதா, தொழிலில் போடுவதா என்பதை முடிவு செய்வதும் அதுவே. நமக்கு ஈவு கிடைப்பது, தாய்க்கும் ஈவு தேவைப்படும் வரையில்தான்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தாயின் நலனும் சிறு பங்குதாரரின் நலனும் ஒத்துப்போகும் காலம் நல்ல காலமே. ஆனால் தாய் நிறுவனத்துக்கு வேறு நாடுகளிலும் கிளைகள் உண்டு. எந்த வேலையை எந்தக் கிளைக்குக் கொடுப்பது, என்ன கூலிக்குக் கொடுப்பது என்பது இத்தகைய குழுமங்கள் எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டிய செய்தி. அதனால்தான் பெரிய அளவிலான உறவுக் கம்பெனிக் கொடுக்கல் வாங்கல்களுக்கு, சம்பந்தப்பட்டவர் வாக்கு நீங்கலாக, மற்றப் பங்குதாரர்களின் இசைவைப் பெற வேண்டும் என்று சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான 'செபி' விதித்திருக்கிறது. அத்தகைய வாக்குச் சீட்டு வந்தால் அதைப் படிக்காமல் எறிந்துவிடக் கூடாது.

மற்றொன்று. தாயின் பங்கு போக மீதி ஏறத்தாழ 38 இலட்சம் பங்குகளே நாடெங்கும் உள்ள மற்றவர்கள் அனைவரிடமும் இருக்கின்றன. சிறிய கம்பெனிகளின் பங்குகளில் நாள்தோறும் கைமாறுவது கொஞ்சமே. அமைதியான நாளில் விற்கலாம். எல்லோரும் விற்க ஓடும் நாளில் வாங்குபவர் இல்லாமற்போகலாம். சிற்றூர்ச் சந்தையில் மாடு விற்கப் போனவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

டப்ளின் நகரத்துப் பாடம்

வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியலைக் கண்டே மயங்குவோர் உண்டு. "உலகப் பெரிய விமானக் கம்பெனிகள் எல்லாம் இவர்களிடம்தான் வாங்குகின்றன" என்பார்கள். அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் டேட்டாலெக்ஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. விமான நிறுவனங்கள் இணையத்தில் சீட்டு விற்க மென்பொருள் செய்து கொடுப்பது அதன் தொழில். 2000ஆம் ஆண்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. பெயர் பெற்ற நிறுவனங்கள் அதன் வாடிக்கையாளர்கள். ஜெர்மனியின் லுஃப்தான்சாவோடு பெரிய ஒப்பந்தமும் கிடைத்தது.

2019 ஜனவரியில், எதிர்பார்த்த இலாபம் வராது, நட்டமே வரும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. பங்கின் விலை ஒரே நாளில் பாதிக்கும் கீழே போயிற்று. 2018இன் முதல் ஆறு மாதக் கணக்கில் வருமானம் தவறாகக் காட்டப்பட்டிருந்ததும், கணக்கில் முறைகேடுகள் இருந்ததும் பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தன. ஆண்டுக் கணக்கை உரிய காலத்தில் வெளியிட இயலாமையால் 2019 மே மாதம் அதன் பங்கு வணிகமே நிறுத்திவைக்கப்பட்டது. லுஃப்தான்சாவும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. வணிகம் நிறுத்தப்பட்ட பங்கை வைத்திருப்பவர் நட்டத்துக்கும் விற்க இயலாது. காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

அக்செல்யாவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் மென்பொருள் தொழிலின் இயல்பு ஒன்றை இது காட்டுகிறது. வீடு கட்டும் மேஸ்திரி எத்தனை அடி சுவர் எழுப்பினார் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மென்பொருள் எவ்வளவு முடிந்தது என்பதைக் கண்ணால் காண முடியாது. முடியாத வேலையை முடிந்ததாக எண்ணி வருமானம் எழுதிக்கொள்வது இங்கே எளிது. வாடிக்கையாளர் சிலரே ஆனபடியால், ஒருவர் போனாலும் வீடே ஆடும்.

வீட்டு மேசையில் ஒரு சோதனை

"இவ்வளவையும் நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது ஐயா?" என்று கேட்டார் ஆசிரியர். ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டறிக்கையை வெளியிடுகிறது, இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஐந்து இடங்களை மட்டும் பார்த்தால் போதும் என்று நாம் சொன்னோம்.

வருமானத்தில் முதல் சில வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு? விற்ற வேலைக்கு வர வேண்டிய பாக்கி, விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா? இலாபம் என்று எழுதிய தொகைக்கு நிகரான ரொக்கம் கைக்கு வந்திருக்கிறதா? தாய் நிறுவனத்தோடும் உடன்பிறப்புக் கிளைகளோடும் நடந்த கொடுக்கல் வாங்கல் எவ்வளவு? தணிக்கையாளர் ஏதேனும் குறை கூறியிருக்கிறாரா, அல்லது இடையில் விலகியிருக்கிறாரா? ஒரே ஆண்டைப் பார்த்தால் போதாது. குறைந்தது ஐந்தாண்டு, அதில் 2020 அடங்கியிருக்க வேண்டும். நல்ல ஆண்டில் எல்லாக் கம்பெனிகளும் நல்லவையே. மழை பெய்த பிறகுதான் கூரையைப் பற்றிப் பேச முடியும்.

மாணவரின் விடைத்தாள்களை 34 ஆண்டுகள் திருத்தியவருக்கு இது கடினமான வேலை அன்று. முதல் முறை ஒரு வாரம் ஆகலாம். மகன் சொன்னான், நண்பன் சொன்னான் என்று 6 இலட்சத்தைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் ஒரு வார உழைப்பு பெரிதா?

எவ்வளவு போடலாம்?

இறுதியாக, நல்லதா கெட்டதா என்ற கேள்வியை விடுத்து, எவ்வளவு என்ற கேள்விக்கு வந்தோம். ஒரு தாளை எடுத்து அம்மையாரையே எழுதச் சொன்னோம். மகளின் இரண்டாண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் 2 இலட்சம். அதைத் தொடக்கூடாது, கட்டணம் செலுத்தும் நாளில் முதிரும்படி வங்கியில் வைப்பாக இருக்கட்டும். திருமணத்துக்கும் எதிர்பாராத மருத்துவச் செலவுக்கும் 3,40,000. அதையும் தொடக்கூடாது. மீதி 60,000. இது பாதியாகக் குறைந்தாலும் வீட்டில் அடுப்பு எரியும். மகளின் படிப்பு நிற்காது. கணவன் மனைவிக்குள் மனத்தாங்கல் வராது. ஐந்தாண்டு எடுக்காமல் இருக்கவும் முடியும். இந்த 60,000இல் பங்கு வாங்குவதா, எத்தனை கம்பெனிகளில் வாங்குவதா, வாங்காமலே இருப்பதா என்பதை அவர்கள் படித்துப் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

மகன் தவறாகச் சொன்னான் என்று நாம் கருதவில்லை. பணத்தைத் தூங்கவிடக்கூடாது என்பது உண்மையே. விலைவாசி ஏறும் காலத்தில் சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணம் தேய்கிறது. ஆனால் அவனுக்கு வயது முப்பது. மாதச் சம்பளம் வருகிறது. விழுந்தாலும் எழக் காலம் இருக்கிறது. தந்தைக்கு இனி அத்தகைய தொகை இன்னொரு முறை வராது. ஒரே பங்கு மகனுக்கு முயற்சியாகவும் தந்தைக்குச் சூதாகவும் ஆகக்கூடும். பிள்ளைகள் பெற்றோருக்கு முதலீட்டு யோசனை சொல்லும்போது இந்த வேறுபாட்டை மறக்கலாகாது. பெற்றோரும், பிள்ளை படித்தவன் என்பதற்காக, தங்கள் மனத்தில் எழும் கேள்வியை விழுங்கிவிடக் கூடாது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். போடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. அளந்து போடு என்றுதான் சொன்னார்கள்.

இந்த இதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில் ஆசிரியரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. கட்டணப் பணத்தை வைப்பில் போட்டுவிட்டாராம். ஐந்தாண்டு அறிக்கைகளை மகளின் உதவியோடு படித்து வருகிறாராம். பங்கு இன்னும் வாங்கவில்லை. வாங்குவாரா என்பதும் தெரியவில்லை. அடியில் வேறு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "பாக்கி எவ்வளவு நிற்கிறது என்று எழுதியிருக்கும் பக்கத்தை நானும் பார்த்தேன். எங்கள் மளிகைக் கடைக்காரர் நோட்டுப் போலத்தான் இருக்கிறது."

அந்த அம்மையாருக்குப் பங்குச் சந்தையைப் பற்றி இனி நாம் சொல்லிக் கொடுக்க அதிகம் இல்லை.